சாக்கடை நாறினால் எந்த அலுவலகத்துக்குப் போவது? கிருஷ்ணகிரி, தருமபுரி நகரவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் தெருவுக்குப் பின்புறம் ஓடும் கால்வாயில் ஒரு ஜூன் மாதம் புளித்த வாடை கிளம்பியபோது, நான் செய்த முதல் காரியம் நகராட்சிக்கு மனு எழுதியது. துப்புரவு மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். நான்கே நாளில் வாடை திரும்பியது. மறுபடியும் மனு, மறுபடியும் பவுடர். மூன்றாம் முறை தூவ வந்த தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர், சிறுபாலத்தின் கம்பியில் சிக்கியிருந்த மஞ்சள் நாரைக் குச்சியால் எடுத்துக் காட்டி, "அண்ணா, இது வீட்டுத் தண்ணி இல்லீங்க. மாங்கா நாரு பாருங்க, எவ்வளவு பவுடர் போட்டாலும் நிக்காது" என்றார். அன்று மாலை கால்வாய் ஓரமாகவே வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். நகராட்சி எல்லைக் கல்லைத் தாண்டி, பக்கத்து ஊராட்சிக்குள் இருந்த ஒரு மாங்கூழ் ஆலையின் மதிற்சுவரில் போய் வழி முடிந்தது.

அதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது. பிறகு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதினேன். அங்கிருந்து ஆய்வுக்கு வந்தபோது அக்டோபர்; மாம்பழப் பருவம் முடிந்து ஆலை மூடப்பட்டிருந்தது, கால்வாய் காய்ந்து கிடந்தது. "ஆய்வின்போது கழிவுநீர் வெளியேற்றம் ஏதும் காணப்படவில்லை" என்று பதில் வந்து மனு முடித்துவைக்கப்பட்டது. அந்தப் பதிலில் பொய் ஏதும் இல்லை என்பதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. தவறான கதவைத் தட்டியதும், சரியான கதவைத் தவறான மாதத்தில் தட்டியதும் என் பிழைகள். அவற்றை மற்றவர்கள் செய்யாமலிருக்க, நகரத்தின் மாசுத் தடுப்பு நிர்வாகம் எப்படிப் பிரிந்து கிடக்கிறது, அதை எப்படி வேலை வாங்குவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

எது யாருடைய பொறுப்பு

நகராட்சியின் கையில் இருப்பவை வீட்டுக் குப்பை, வீட்டுக் கழிவுநீர், தெருச் சாக்கடை, மழைநீர் வடிகால், பொதுச் சுகாதாரக் கேடு, கடைகளுக்கும் பட்டறைகளுக்குமான தொழில் உரிமம் ஆகியவை. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் நகராட்சிகள்; ஓசூர் 2019 முதல் மாநகராட்சி. மூன்றுக்கும் இன்று அடிப்படையாக இருப்பது 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன்கீழ் 2023இல் வந்த விதிகளும். ஆணையாளர் தலைமையில், நகர் நல அலுவலர் அல்லது துப்புரவு அலுவலர், அவருக்குக் கீழே துப்புரவு ஆய்வாளர்கள், மேற்பார்வையாளர்கள், தூய்மைப் பணியாளர்கள் என்று வரிசை இறங்குகிறது. பொதுமக்களுக்குப் பயன்படும் மனிதர் இந்த வரிசையின் நடுவில் இருக்கும் துப்புரவு ஆய்வாளர். உங்கள் வார்டுக்கு யார் ஆய்வாளர் என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

தொழிற்சாலையின் கழிவுநீரும் புகையும் நகராட்சியின் கையில் இல்லை. அவை 1982இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படியும் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டப்படியும், ஓர் ஆலையைக் கட்டுவதற்கு முன்பு ஓர் இசைவாணையும், ஓட்டுவதற்கு முன்பு இன்னோர் இசைவாணையும் வாரியத்திடமிருந்து பெறவேண்டும். எவ்வளவு கழிவுநீர், எங்கே, எந்தத் தரத்தில் விடலாம் என்பது அந்த ஆணையிலேயே எழுதப்பட்டிருக்கும். மாசின் அளவைப் பொறுத்துத் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வகை பிரித்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கான சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் கிருஷ்ணகிரியில் இல்லை, ஓசூர் சிப்காட் வளாகத்தில் இருக்கிறது. சுமார் ஐம்பது கிலோமீட்டர். இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்குத் தேவை வரும்.

ஏரிகள் விஷயம் சற்றுச் சிக்கலானது. நாற்பது எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும், நகர எல்லைக்குள் இருக்கும் சில குளங்கள் நகராட்சியிடமும் இருக்கும். தேவசமுத்திரம் ஏரியிலோ தருமபுரி இராமாக்காள் ஏரியிலோ கழிவு கலக்கிறது என்றால், ஏரி ஒருவருடையது, அதில் வந்து விழும் சாக்கடை வேறொருவருடையது என்பதே பெரும்பாலும் நிலைமை. மனுவில் இருவரையும் சேர்க்காவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் போவார். தேசிய நெடுஞ்சாலை ஓரக் குப்பைக்கு நெடுஞ்சாலை ஆணையமும், குவாரிக்குக் கனிமவளத் துறையும், ஒலிபெருக்கிக்குக் காவல்துறையும் உண்டு. எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடியவர் மாவட்ட ஆட்சியர் ஒருவரே.

முதலில் தண்ணீரைப் பின்தொடருங்கள்

மனு எழுதுவதற்கு முன்பு ஒரு காலைப் பொழுதை நடைக்கு ஒதுக்குங்கள். நாற்றம் வரும் இடத்திலிருந்து நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில், ஒவ்வொரு சிறுபாலமாக நின்று பார்த்துக்கொண்டே போகவேண்டும். எந்த இடத்துக்கு மேலே தண்ணீர் ஓரளவு தெளிவாகவும் அதற்குக் கீழே கெட்டும் இருக்கிறதோ, அந்த இரண்டு சிறுபாலங்களுக்கு நடுவில்தான் கழிவு வந்து சேர்கிறது. அந்த இடத்தில் உள்ள குழாயையோ, மதிற்சுவர் ஓட்டையையோ கண்டுபிடித்துவிட்டால் மனு தானாக எழுதிக்கொள்ளும்.

நிறமும் வாடையும் நிறையச் சொல்லும். சோப்பு நுரையுடன் கூடிய சாம்பல் நிறத் தண்ணீர் வீட்டுக் கழிவு. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது நாட்கணக்கில் தேங்கிய சாக்கடையாகவோ, இரவில் யாரோ கொட்டிவிட்டுப் போன கழிப்பறைத் தொட்டிக் கழிவாகவோ இருக்கும். கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் பட்டறைகளிலிருந்து வருவது வெளிறிய குழம்பு. வாய்க்கால் ஓரத்தில் காய்ந்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிரும், நாற்றம் இருக்காது. தருமபுரிப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளிலிருந்து வரும் கிழங்குத் தண்ணீர் பால்போல வெளுத்திருக்கும், ஓரிரு நாளில் புளித்துவிடும். மாங்கூழ் ஆலைக் கழிவில் நாரும், மெல்லிய மஞ்சள் படலமும், மொய்க்கும் சிறு ஈக்களும் சேர்ந்திருக்கும். இதில் விஷம் எதுவும் இல்லையே, வெறும் பழச்சாறுதானே என்று ஆலைக்காரர்கள் சொல்வதுண்டு. பழத்தின் சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை (ஆக்சிஜனை) முழுவதும் குடித்துவிடுகின்றன; அதன்பிறகு அந்த ஏரியில் மீன் பிழைக்காது, நாற்றம் மட்டும் பிழைக்கும்.

அமில, கார அளவைக் காட்டும் பி.எச். காகிதம் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஆற்றிலோ ஓடையிலோ விடப்படும் கழிவுநீரின் அமில, கார அளவு 5.5க்கும் 9க்கும் இடையில் இருக்கவேண்டும் என்பது பொது விதி, பி.ஓ.டி. எனப்படும் உயிர்வளித் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எங்கள் கால்வாயில் நனைத்த காகிதம் நான்குக்கான நிறத்தைக் காட்டியது. ஆனால் நீங்கள் பாட்டிலில் பிடித்துத் தனியார் ஆய்வகத்தில் கொடுக்கும் மாதிரி நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி வாரிய அலுவலர், ஆலைக்காரருக்கு அங்கேயே தெரிவித்து, உரிய முறையில் எடுத்து முத்திரையிட்ட மாதிரிக்கே அந்த மதிப்பு. ஆகவே உங்கள் காகிதத்தை, அலுவலரை விரைவில் வரவழைப்பதற்கான காரணமாக மட்டும் பயன்படுத்துங்கள்.

இந்த நடையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆலை வளாகத்துக்குள் நுழையாதீர்கள், காவலாளியிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். பொது வழியில் நின்று எடுத்த, நாளும் நேரமும் பதிவான நான்கு படங்கள் போதும்.

தருமபுரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை வருகிறது என்றால், அதற்குப் பெரும்பாலும் எந்த ஆலையும் காரணமில்லை. பாறையிலிருந்து நீரில் கரையும் ஃபுளோரைடு அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் அதன் உச்ச எல்லை. அதற்காகவே வந்தது, 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். இதற்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் போய்ப் பயனில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துக்கொண்டு, குழாய் இணைப்புக்கு உள்ளாட்சியை அணுகவேண்டும்.

குப்பை: நகராட்சியின் காலை வேலை

காலை ஆறு மணிக்கெல்லாம் பேட்டரி வண்டிகள் கிளம்பிவிடும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, காலாவதியான மருந்து, பல்பு போன்ற வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன; 2026 ஏப்ரல் முதல் அவற்றின் இடத்தில் புதிய விதிகள் வந்துவிட்டன. மக்குவது நுண்ணுரம் தயாரிக்கும் மையத்துக்குப் போய், தொட்டியில் அடுக்கப்பட்டு, புரட்டப்பட்டு, ஒரு மாதத்துக்கு மேல் கழித்து உரமாகும். மக்காதது வள மீட்பு மையத்தில் பிரித்து விற்கப்படும். எதுவும் செய்யமுடியாத மிச்சம் உரக்கிடங்குக்குப் போகும். பெயர்தான் உரக்கிடங்கு, பல ஊர்களில் அது மேடாகிப்போன பழைய குப்பை, அதைத் தோண்டிச் சலித்துப் பிரிப்பதற்குத்தான் பயோமைனிங் என்று பெயர்.

திட்டமாகப் பார்த்தால் குறையில்லை. ஆனால் எங்கள் தெருமுனையில் நின்று ஒரு வாரம் பார்த்தேன். நாங்கள் இரண்டு வாளியில் கொடுத்ததை வண்டியில் இருந்த இரண்டு தொட்டியிலும் சரியாகவே போட்டார்கள். முனையில் நின்ற பெரிய வண்டிக்கு மாற்றும்போது இரண்டும் ஒன்றாகக் கவிழ்ந்தன. தூய்மைப் பணியாளரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அந்தப் பெரிய வண்டிக்கு ஒரே தொட்டிதான் இருந்தது. "குப்பை அள்ளவில்லை" என்று புகார் கொடுத்தால் குப்பையை அள்ளுவார்கள், அவ்வளவுதான். "எங்கள் வார்டில் பிரித்த குப்பை இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் ஒன்றாகக் கலக்கப்படுகிறது, இரு தொட்டி வண்டி தேவை" என்று எழுதினால்தான் குறை அது பிறந்த இடத்தில் சரியாகும்.

மண்டபம் இல்லாமல் பந்தல் போட்டு நடத்தும் கல்யாணம், விருந்து பற்றி ஒரு விதியைத் தெரிந்துகொள்வது நல்லது. உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்துபவர், குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்து ஒப்படைக்கவேண்டும் என்று அதே 2016 விதிகளில் இருந்தது. இப்படி ஒரு விதி இருந்ததே நம் ஊரில் பலருக்குத் தெரியாது. வாழை இலைகள் ஏரிக்கரையில் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

குப்பையை எரிப்பவர்களுக்கு, சிறு அளவில் எரித்தால் 5,000 ரூபாயும் பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் விதிக்கவேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. போகிக்கு டயர் கொளுத்துவதும் இதில் அடங்கும். பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகைப் பொருட்கள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன. கடைகளில் சோதனையிடுவது நகராட்சியின் வேலை.

கழிவுநீர் லாரி ஏரியில் கொட்டுவதைப் பார்த்தால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 14420க்கு அழைக்கலாம். அந்த லாரிகள் உள்ளாட்சியிடம் உரிமம் பெற்று, சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டுமே கொட்டவேண்டும். உங்கள் வீட்டுத் தொட்டி அடைத்துக்கொண்டாலும் இதே எண்தான். ஆளை உள்ளே இறக்கச் சொல்லாதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

ஒலி பற்றிச் சுருக்கமாக: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை 45 டெசிபல் என்பது எல்லை. இதற்குக் காவல் நிலையத்தை அழையுங்கள். நகராட்சிக்கு எழுதிய மனு பதிவாகும் முன்பே திருவிழா முடிந்துவிடும்.

மனு எழுதும் முறை

ஒரு மனுவில் ஒரு குறை. கொசு, தெருவிளக்கு, கால்வாய் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால், மூன்றில் எது எளிதோ அதைச் செய்து மொத்த மனுவையும் முடித்துவிடுவார்கள். வார்டு எண், தெரு, எந்தச் சிறுபாலத்திலிருந்து எந்தச் சிறுபாலம்வரை, எந்த நாட்களில், எத்தனை மணிக்கு என்பவை முதல் பத்தியில் வந்துவிடவேண்டும். யாரையும் குற்றவாளி என்று எழுதவேண்டாம். "இந்த மதிற்சுவரின் கீழுள்ள குழாயிலிருந்து" என்று கண்ணால் கண்டதை எழுதினால் போதும். கடைசிப் பத்தியில் என்ன செய்யவேண்டும் என்று கேட்கவேண்டும். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பதை நம் ஊரில் எல்லோரும் எழுதுகிறோம். அதற்கு எந்த அலுவலரும் எதையும் செய்துவிட்டு நடவடிக்கை எடுத்தாயிற்று என்று சொல்லலாம். "ஆலை இயங்கும் நாளில், முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்து, 21ஆம் பிரிவின்படி மாதிரி எடுத்து, ஆய்வறிக்கையின் நகலை எனக்கு அனுப்பவேண்டும்" என்பதை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

நேரில் கொடுத்தால் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். விரைவுத் தபாலில் அனுப்பினால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பல துறைகள் சம்பந்தப்பட்டிருந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுப்பது நல்லது, ஏனெனில் அங்கே அந்தந்தத் துறை அலுவலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். 1100 என்ற முதலமைச்சரின் உதவி எண்ணிலும் பதியலாம்.

முப்பது நாளாகியும் அசைவு இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் போகலாம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. அதில் "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது கேள்வி, ஆவணம் இல்லை. அந்த ஆலைக்கு வழங்கப்பட்ட இசைவாணையின் நகல், கடைசி மூன்று ஆய்வறிக்கைகளின் நகல், என் மனுவின் மீதான அலுவலகக் குறிப்புகளின் நகல் என்று கேளுங்கள். நான் இசைவாணை நகலைக் கேட்டு வாங்கிய பிறகுதான், அந்த ஆலை சுத்திகரித்த நீரைத் தன் வளாகத்துத் தோட்டத்துக்கே பாய்ச்சவேண்டும், வெளியே ஒரு சொட்டும் விடக்கூடாது என்று நிபந்தனை இருப்பது தெரிந்தது.

இதற்கும் மேலே சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் அறுபது நாள் கிடைக்கும். இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு. தவறான அலுவலகத்தில் கழிந்த மாதங்களும் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். நகராட்சியே ஏரியில் சாக்கடையை விடுகிறது என்றாலும் இதே வழிதான். சட்டத்தின் முன் அதுவும் மாசு செய்பவரே.

சில மாசு எந்த நகர நிர்வாகத்தின் கைக்கும் எட்டாது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரு நகரத்தின் கழிவுநீரையும் வாங்கிக்கொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறக்கும் நாட்களில் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்கு எழும்புவதை நம் மாவட்டத்தில் பார்க்காதவர் குறைவு. ஓசூர் மாநகராட்சியின் வாசலில் நின்று இதற்காகக் கோஷம் போடுவதைப் பார்க்கும்போது எனக்குப் பவுடர் தூவிய ஞாபகம்தான் வருகிறது. அது இரு மாநில வாரியங்களும், மத்திய வாரியமும், தீர்ப்பாயமும் சேர்ந்து பேசவேண்டிய காரியம்.

எங்கள் கால்வாய்க்கு வருகிறேன். அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியிலேயே, பருவம் தொடங்கும் முன்பு, போன ஆண்டுப் படங்களையும் இசைவாணை நகலையும் இணைத்து ஓசூருக்கு மனு அனுப்பினேன். ஜூனில் ஒரு காலை நார் மிதக்கத் தொடங்கியதும் தொலைபேசியில் அழைத்து, மனு எண்ணைச் சொன்னேன். ஐம்பது கிலோமீட்டர் வந்து சேரப் பிற்பகலாகிவிட்டது. நல்லவேளை, அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கேனில் பிடித்து, முத்திரையிட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துச்சென்றார்கள். பி.ஓ.டி. பார்க்க 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்திருக்கவேண்டும், ஆகவே மறுநாளே முடிவைக் கேட்டு அலுவலகத்தை நச்சரிக்கக்கூடாது. அறிக்கை வந்தது, ஆலைக்கு அறிவிப்பு போனது, பல காலமாக ஓடாமல் கிடந்த காற்றூட்டும் தொட்டியை அவர்கள் பழுதுபார்த்தார்கள்.

இப்போது ஜூலை மாதத்தில் கால்வாயில் வருவது சோப்பு நுரையுடன் கூடிய சாம்பல் நிறத் தண்ணீர். அதற்கான மனு நகராட்சியில் இருக்கிறது. ஒப்புகை எண்ணைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.